சுங்கச்சாவடிக்குச் ‘சரி’ போட்டவர்

ஒரு சீட்டு அச்சுக்குப் போவதற்கு முன் அதன் மாதிரித் தாளின் வலது கீழ்மூலையில் பச்சை மையால் ‘சரி’ என்று எழுதுவதுதான் அவருடைய வேலை. கேட்பதற்குச் சோம்பேறி வேலை போலத் தோன்றும். அந்த ஒரு சொல்லை எழுத, அந்தச் சீட்டை வைத்து இருநூறு ஆட்டம் ஆடியாக வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவையும் தாளில் குறிக்க வேண்டும். தோற்றவர் ஏன் தோற்றார் என்பதை அவர் வாயாலேயே கேட்டு எழுத வேண்டும். பதினோரு ஆண்டுகளில் இப்படித் தொள்ளாயிரம் சீட்டுகளுக்குமேல் அவர் பச்சை மை பட்டுக் கடைக்குப் போயின. ஒன்றைக்கூடத் திரும்பப் பெற்றதில்லை. சோதனை அறையில் இருந்த மற்ற ஐந்து பேரும் அவரைச் சரியக்கா என்றே கூப்பிட்டார்கள். நாளடைவில் சம்பள உறையின்மேல்கூட அந்தப் பெயர் வந்துவிட்டது.

அதற்கு முன் அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். தேர்வுத் தாள், மருந்துக் குறிப்பு, நிலப் பத்திரம் என எது வந்தாலும் வாசிப்பார். வாசிப்பது அவருக்கு வேலைக்கு வெளியிலும் தொடர்ந்த நோய். பேருந்தில் கணிதம், படுக்கையில் வரலாறு, சமையலறை அலமாரியில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் நிகழ்தகவு பற்றிய ஒரு தடித்த புத்தகம். ஒருநாள் ஒரு விளையாட்டு நிறுவனத்தின் சீட்டுகள் அச்சுக்கு வந்தன. ஒரு சீட்டில் ‘இதை எதனாலும் அழிக்க முடியாது’ என்று இருந்தது. இன்னொன்றில் ‘இது எதையும் அழிக்கும்’ என்று இருந்தது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் ஓரத்தில் ‘இவை இரண்டும் சந்தித்தால் என்ன ஆகும்?’ என்று எழுதி அனுப்பினார். நிறுவனத்தில் யாரிடமும் பதில் இல்லை. அடுத்த வாரம் அவரையே வேலைக்கு அழைத்துக்கொண்டார்கள்.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஆளுக்கு ஐம்பது சீட்டு. எந்த ஐம்பது என்பதை அவரவரே தேர்ந்து ஒரு கட்டாகச் சேர்த்துக்கொள்ளலாம். கட்டில் ஒரே சீட்டின் நான்கு பிரதி வரை வைக்கலாம். முதல் சுற்றில் உங்களுக்கு ஒரு விறகு, இரண்டாம் சுற்றில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. சீட்டு ஒவ்வொன்றையும் மேசையில் இறக்க இத்தனை விறகு என்று விலை இருக்கும். சிறிய சீட்டு மலிவு, பெரிய சீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். எதிராளியின் இருபது உயிரையும் முதலில் தீர்ப்பவர் வென்றவர். சீட்டுகளைக் கடையில் பொட்டலமாக விற்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். சில சீட்டு எல்லாப் பொட்டலத்திலும் வரும். தங்க ஓரம் போட்ட சில, நூறு பொட்டலத்துக்கு ஒன்று வரும்.

இதில் ஒரு சீட்டு மற்றவற்றைவிட மிஞ்சிய பலத்தோடு வந்துவிட்டால் ஆட்டம் செத்தது. மீதி ஆயிரம் சீட்டும் வெறும் அட்டை. அது வராமல் பார்ப்பதற்குத்தான் சரியக்கா.

அவர் வந்த புதிதில் சோதனை அறையில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லாச் சீட்டும் அடுக்கிய பெரிய அலமாரிக்குப் பக்கத்து நாற்காலிகளில் மூத்தவர்கள் உட்காருவார்கள். நல்ல சீட்டெல்லாம் அவர்கள் கைக்குப் போகும். மிச்சத்தை வைத்துப் புதியவர்கள் ஆட வேண்டும். பந்திக்கு முந்துகிற சாமர்த்தியம்தான், வேறொன்றும் இல்லை. முடிவுத் தாளில் சீட்டின் பலம் தெரியவில்லை. நாற்காலியின் பலம் தெரிந்தது. சரியக்கா மூன்றாம் நாளே இதைக் கண்டுபிடித்துச் சண்டை பிடித்தார். அன்றிலிருந்து அறைக்கு ஒரே விதி: சோதிக்கும் சீட்டு இரண்டு பேர் கட்டிலும் நான்கு நான்கு இருக்க வேண்டும். ஒருவருக்குக் கொடுத்து ஒருவருக்கு மறுத்துச் செய்யும் சோதனை சோதனையே அல்ல என்று அவர் சுவரில் எழுதி ஒட்டினார். நியாயமான விதி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அவரும் அதை நினைத்துக் கொஞ்சம் பெருமைப்பட்டார்.

அந்த விதியின்படிதான் ‘சுங்கச்சாவடி’ என்ற சீட்டும் சோதிக்கப்பட்டது. தங்க ஓரம் போட்டது. விலை இரண்டு விறகு. அதில் எழுதியிருந்தது ஒரே வாக்கியம்: ‘எதிராளி ஒரு சீட்டை இறக்கும்போதெல்லாம் நீ ஒரு சீட்டு எடுத்துக்கொள்.’

அறையில் கொட்டாவி என்று ஒருவர் உண்டு. பிறந்ததிலிருந்தே தூக்கம் பாக்கி என்பதைப் போல எந்நேரமும் வாயைப் பிளந்துகொண்டிருப்பார்; ஆனால் விரல் நுனியில் கணக்கு இருக்கும். அவர்தான் அன்று, ரெண்டு விறகுக்கு இது கொஞ்சம் சல்லிசாத் தெரியலையா என்று இழுத்தார். தோன்றுவது கிடக்கட்டும், தாள் என்ன சொல்கிறது பார் என்றார் சரியக்கா. தாள் நூற்றொன்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்றது. தராசு முள் நடுவில் நிற்கிறது, இதைவிட என்ன வேண்டும்? பச்சை மையால் எழுதிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரத்து வட்டாரப் போட்டிக்கு நடுவராகப் போனார். நடுவருக்குப் பெரிய வேலை இல்லை. யாராவது கை தூக்கினால் போய் விதியைச் சொல்ல வேண்டும். வாடகை மண்டபம், மடக்கு மேசைகள், சுவரோரம் தண்ணீர்க் குடம் மாதிரி வரிசையாக அடுக்கிய நாற்காலிகள். காலையிலிருந்தே ஒன்றை அவர் கவனித்தார். தோற்று எழுந்து வருகிறவர்கள் ஒரே மாதிரிப் பேசினார்கள். நேரம் சரியில்லை என்றார் ஒருவர். என் கை அப்படி, ராசி இல்லாத கை என்றார் இன்னொருவர். ஒரு பெண் சீட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டே தலையெழுத்து என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினாள்.

தோற்றவன் தலையெழுத்தைக் குறை சொல்லும் வரையில் வென்றவனுக்கு எந்தக் கவலையும் இல்லை. எழுதியது யார் என்று கேட்டால்தான் வம்பு. உலகத்தில் பல இடங்களில் எழுதியவரைக் கண்டுபிடிப்பது கடினம். அந்த மண்டபத்தில் அவ்வளவு கடினமில்லை. கழுத்தில் நடுவர் அட்டை தொங்க, சட்டைப் பையில் பச்சைப் பேனாவோடு அங்கேயே நடந்துகொண்டிருந்தார்.

பதினான்காம் மேசையில் ஒருவர் கை தூக்கினார். ஐம்பது வயது இருக்கும். பையில் டெஸ்டர் திருப்புளி செருகியிருந்தது, நகக்கண்ணில் கிரீஸ். லிஃப்ட் மெக்கானிக்காம். எதிரில் ஆடிய இளைஞன் வென்று, கையெழுத்துப் போட்டுவிட்டு, கைப்பேசியைப் பார்த்தபடி எழுந்து போயிருந்தான். அவன் விட்டுப்போன நாற்காலியைக் காட்டி மெக்கானிக் சொன்னார்: “உக்காருங்க மேடம். விதி பத்தின சந்தேகம் இல்ல. நான் எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க. அடுத்த தடவை திருத்திக்கறேன்.”

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. தான் இறக்கியது, எதிராளி இறக்கியது, கையில் மிஞ்சியது என்று ஒவ்வொரு சுற்றும் பொடி எழுத்தில் பதிவாகியிருந்தது. லிஃப்ட் நின்றால் ஏன் நின்றது என்று எழுதாமல் வீட்டுக்குப் போக முடியாது, அந்தப் பழக்கம் என்றார். சரியக்கா உட்கார்ந்தார். மெக்கானிக்கின் கட்டைப் பார்த்தார். தங்க ஓரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் எந்தப் பொட்டலத்திலும் வரும் சீட்டு. ஆனால் எப்படிச் சேர்த்திருந்தார்! ஒன்றுக்கொன்று கை கொடுக்கும்படி, ஒரு விறகுகூட வீணாகாதபடி. சோதனை அறையில் பதினோரு ஆண்டு உட்கார்ந்தவர்களுக்கே அப்படியொரு கட்டு அமைந்ததில்லை.

ஐந்து சுற்று ஆட்டம். இருவருமாக மறுபடி மேசையில் பரப்பி ஒவ்வோர் அடியாகப் போனார்கள். இரண்டாம் சுற்றில் இளைஞன் சுங்கச்சாவடியை இறக்கியிருக்கிறான். மூன்றாவதில் இன்னொன்று. அதற்குப் பிறகு மெக்கானிக் ஒரு சீட்டு இறக்கினால் அவன் இரண்டு எடுப்பான். இறக்காமல் இருந்தால் அவன் அடிப்பான். வேறு வரிசையில் இறக்கிப் பார்த்தார் சரியக்கா. காத்திருந்து பார்த்தார். பின்னோக்கிப் போய் முதல் சுற்றையே மாற்றிப் பார்த்தார். எல்லாப் பாதையும் அதே குழியில் போய் விழுந்தது. இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று.

“நீங்க எந்தத் தப்பும் பண்ணலைங்க,” என்றார்.

பாராட்டாகத்தான் சொன்னார். மெக்கானிக்கின் முகம் வாடிவிட்டது. “அப்படிச் சொல்லாதீங்க மேடம். தப்பு இருந்தாத்தானே திருத்த முடியும்?”

மாதத்துக்கு எத்தனை பொட்டலம் வாங்குவீர்கள் என்று சரியக்கா கேட்டார். இரண்டு என்றார் அவர். சம்பளத்தன்று ஒன்று, பதினைந்தாம் தேதி ஒன்று. நூறு பொட்டலத்துக்கு ஒரு சுங்கச்சாவடி. நான்கு சேர நானூறு பொட்டலம். மாதம் இரண்டு வீதம் பதினாறு வருடம் எட்டு மாதம். சரியக்கா இந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுத்த மேசையில் யாரோ கை தூக்க, எழுந்து போனார்.

திங்கட்கிழமை காலை சோதனை அறைக்கு வந்ததும் அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். கொட்டாவியைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார். ஒரே மாதிரி இரண்டு கட்டு. ஒன்றில் நான்கு சுங்கச்சாவடி. மற்றதில் அந்த நான்கு இடத்தில் நான்கு சாதாரணச் சீட்டு. யாருடைய திறமையும் குறுக்கே வராமல் இருக்க, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். நான்கு நாளில் நூறு ஆட்டம். வியாழக்கிழமை மாலை தாளைக் கூட்டினார்கள். சுங்கச்சாவடி வைத்திருந்த கட்டு எண்பத்து மூன்று. இல்லாத கட்டு பதினேழு.

கொட்டாவி அன்று கொட்டாவி விடவில்லை. “அந்தப் பதினேழும் நான் தூங்கி வழிஞ்சதுல வந்ததுதான்க்கா,” என்றார்.

பழைய தாளில் பொய் ஒன்றும் இல்லை. நூற்றொன்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்பது உண்மையான எண்ணிக்கை. இரண்டு பேரையும் முக்காலிமேல் ஏற்றி நிறுத்தி உயரம் பார்த்துவிட்டு, முக்காலிக்கு உயரமே இல்லை என்று எழுதிக் கொடுத்தது போன்ற உண்மை. அவர் அறைக்குள் கொண்டுவந்த சமத்துவம்தான் வெளியே இருந்த ஏற்றத்தாழ்வை அவர் கண்ணிலிருந்து மறைத்தது. உள்ளே எல்லோருக்கும் அலமாரி இருந்தது. வெளியே சிலருக்கு மட்டும்தான் அலமாரி. எண்ணை நம்ப வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் சொல்லி வந்தவர், எந்தக் கேள்விக்கு அந்த எண் விடை என்று கேட்க மறந்துவிட்டார். இந்தத் தவறை அந்த அறையில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். நியாயத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேறு யாரும் அங்கே இல்லை.

நிறுவனத்தின் விதிப் புத்தகத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. சீட்டுக்கு ஒப்புதல் தந்தவர் மட்டுமே அதைத் திரும்பப் பெறலாம். அதற்கென ஒரு படிவம். காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டால் அந்தச் சீட்டு அன்றிலிருந்து எந்தப் போட்டியிலும் செல்லாது. காரணம் அடுத்த போட்டியில் ஆட்டக்காரர்கள் முன் வாசிக்கப்படும். திரும்பப் பெற்றவர் ஓராண்டுக்கு வேறு எந்தச் சீட்டுக்கும் ஒப்புதல் எழுதக் கூடாது. நூறு படிவம் அச்சடித்து வைத்திருந்தார்கள். நூறும் அப்படியே, ஓரம் மஞ்சளித்து, ஸ்டேப்ளர் பெட்டியின் கீழே கிடந்தன. மாநிலப் போட்டிக்குப் பத்து நாள் இருந்தது. அதற்குள் திரும்பப் பெறாவிட்டால், சுங்கச்சாவடி வைத்திருக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் தங்களுக்குள் ஆடிக்கொள்ள, மற்ற ஐம்பது பேர் அவர்களுக்குப் படிக்கட்டாக வந்து போவார்கள்.

அன்று மாலையே தாளோடு மேலாளரிடம் போனார். மேலாளர் கெட்டவர் அல்லர். தேநீர் வரவழைத்தார், கதவைச் சாத்தினார், எண்பத்து மூன்றுக்குப் பதினேழை இரண்டு முறை பார்த்தார். பிறகு தன் மேசையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்துக் காட்டினார். அடுத்த பொட்டலத்தில் வரப்போகும் புதுச் சீட்டு. சுங்கச்சாவடியை உடைக்கும் சீட்டு. அதுவும் தங்க ஓரம். எண்பது பொட்டலத்துக்கு ஒன்று. பிரச்சினை தானே தீர்ந்துவிடும் என்றார்.

“நோயையும் நாமளே வித்து, மருந்தையும் நாமளே விக்கறதா?” என்று கேட்டார் சரியக்கா.

“யாரு வேணும்னாலும் வாங்கலாமே. யாரையும் நாம தடுக்கலையே.”

“யாரு வேணும்னாலும் வாங்கலாம்ங்கறதும் எல்லார் கையிலயும் இருக்குங்கறதும் ஒண்ணா? அப்படி நினைச்சுத்தான் நான் ‘சரி’ போட்டேன்.”

அடுத்து மேலாளர் சொன்னது அவ்வளவு எளிதாகத் தள்ளக்கூடியது அல்ல. ஏற்கெனவே வாங்கியவர்கள் என்ன குற்றம் செய்தார்கள் என்று கேட்டார். இத்தனை ஆண்டு ஒன்றைக்கூடத் திரும்பப் பெறாத ஒருவர், என் சோதனை முறையே கோணல் என்று எழுதினால், மீதித் தொள்ளாயிரத்தை யார் நம்புவார்கள் என்றும் கேட்டார். தொள்ளாயிரம் என்ற எண் சரியக்காவின் வாழ்க்கை. அதைத் தவிர அவரிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

அவர் தடுமாறுவதைக் கண்ட மேலாளர் குரலைத் தணித்து, உண்மையான அக்கறையோடு, ஒரு வழி சொன்னார். அச்சுப்பிழை என்று அறிவித்துவிடலாம். ஐந்து விறகு என்று இருக்க வேண்டியது இரண்டு என்று அச்சாகிவிட்டது, ஐந்து என்று வாசிக்கவும். சீட்டும் அடங்கிவிடும், போட்டியும் நியாயமாக நடக்கும், சரியக்காவின் பேருக்கும் கீறல் விழாது.

“யாருக்கும் நஷ்டம் இல்லக்கா,” என்றார்.

“அச்சகத்துல மிஷின் ஓட்டறவருக்கு?”

“அவர் பேரு யாருக்குத் தெரியப் போகுது?”

சரியக்கா தேநீரைக் குடிக்காமல் எழுந்துவிட்டார். பேர் தெரியாதவர் தலையில் பழியைக் கட்டுவதைவிட எளிய காரியம் உலகத்தில் இல்லை. பாலம் இடிந்தால் கொத்தனார், மருந்து கெட்டால் கம்பவுண்டர், கணக்குத் தப்பினால் தட்டச்சுக்காரி. மேலிருந்து வரும் தவறெல்லாம் தண்ணீரைப் போலத் தாழ்ந்த இடம் தேடி ஓடுகிறது. அதை இயற்கை என்று சொல்லிவிடுகிறோம். அச்சகத்தில் இருந்த எட்டு ஆண்டில், தான் திருத்தாமல் விட்ட பிழைக்கு மிஷின்காரர் ஒருவர் அரை நாள் சம்பளம் இழந்ததைச் சரியக்கா பார்த்திருக்கிறார். அன்று அவருக்கு வயது இருபத்தொன்று. வாய் திறக்கவில்லை.

ஆனாலும் படிவத்தை அன்றே எழுதிவிட்டார் என்று சொன்னால் அது கதை. அவர் வீட்டுக்குப் போனார். வீட்டில் இன்னொரு வழக்கு காத்திருந்தது.

மூன்றாம் மாடியில் இரண்டு அறை. அவரும் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளைய தங்கையும். தங்கை ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருந்தாள். அக்காவின் வேலையால்தான் இந்த விளையாட்டு அவளுக்குப் பழக்கம். ஆனால் ஆட்டத்தில் அக்காவைவிடக் கெட்டி. அவளிடம் நான்கு சுங்கச்சாவடி இருந்தன. இரண்டு, விடுமுறை நாளிலும் வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்து வேறு ஆட்டக்காரர்களிடம் வாங்கியவை. மற்ற இரண்டுக்கு, சிறு வயதிலிருந்து சேர்த்த பறவைச் சீட்டு வரிசை முழுவதையும் கொடுத்திருந்தாள். மாநிலப் போட்டிக்குப் பெயரும் பதிந்தாயிற்று.

சாப்பாட்டு மேசையில் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அக்கா எல்லாவற்றையும் சொன்னார். தங்கைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எண்ணைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

“நீ ‘சரி’ போட்ட சீட்டுன்னுதானேக்கா பறவை எல்லாத்தையும் கொடுத்தேன்,” என்றாள்.

“தெரியும்டி.”

“போட்டி முடியட்டுமே. முடிஞ்ச மறுநாள் எழுது. உன்னை யாரு கேக்கப் போறா? எல்லாருக்கும் நியாயம் பாக்கற. வீட்டுக்குள்ள இருக்கறவ மட்டும் உனக்குக் கிள்ளுக்கீரை.”

“முடிஞ்சப்புறம் எழுதினா, எனக்கு முன்னாடியே தெரியும்ங்கறதையும் சேத்து எழுதணும்டி. அதை எப்படி எழுதறது?”

தங்கை தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் கேட்டதில் தப்பு இல்லை என்பதுதான் சரியக்காவை அரித்தது. மெக்கானிக்குக்கு நடந்தது அநியாயம். இதைத் திருத்தினால் தங்கைக்கு நடப்பதும் அநியாயம்தான். இரண்டுக்கும் காரணம் ஒரே பச்சை மை. எதைச் செய்தாலும் ஒருவர் கை வெறுங்கையாகும். ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது. தங்கையின் இழப்பு ஒரு தடவையோடு முடியும். மற்றது ஒவ்வொரு ஞாயிறும் நடக்கும், அதற்கு ராசி என்று பேரும் வைத்துவிடுவார்கள்.

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை மதியம், ஸ்டேப்ளர் பெட்டியைத் தூக்கிப் படிவத்தை எடுத்தார். காரணம் என்ற கட்டத்தில் நான்கு முறை எழுதிக் கிழித்தார். ஐந்தாவது நின்றது.

போட்டி நாளன்று காலை ஒன்பது மணிக்கு, அதே வாடகை மண்டபத்தில், அறுபத்து நான்கு ஆட்டக்காரர்கள் முன்னால் அவரே அதை வாசித்தார். வாசிக்க வேறு ஆளை அனுப்பலாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். வேண்டாம் என்றுவிட்டார்.

“சுங்கச்சாவடிச் சீட்டை இருவர் கையிலும் கொடுத்துச் சோதித்தேன். ஒருவர் கையில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று சோதிக்கவில்லை. வெளியே பெரும்பாலான மேசைகளில் அது ஒருவர் கையில் மட்டுமே இருக்கிறது. அச்சில் பிழை இல்லை. சோதனை முறையை வகுத்தவள் நான். தவறு என்னுடையது. ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன். கட்டை மாற்றிக்கொள்ள அனைவருக்கும் பத்து நிமிடம் தரப்படும்.”

கைதட்டல் எதுவும் இல்லை. முன்வரிசையில் ஒருவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, இதைப் பணம் வாங்கும்போது சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று கேட்டான். ஆமாம் என்றார் அவர். இன்னொருவர், யாரை நம்பி இனிமேல் பொட்டலம் பிரிப்பது என்றார். பின்னாலிருந்து லிஃப்ட் மெக்கானிக் கை தூக்கினார். நடுவரைக் கூப்பிடும் அதே பாணியில், முழங்கை மடங்காமல்.

“போன தடவை நான் தோத்தது?”

“அது தோத்ததுதாங்க. திருப்பித் தர என்கிட்ட வழி இல்ல.”

மெக்கானிக் யோசித்தார். பிறகு நோட்டைத் திறந்து, பழைய பக்கத்தைத் தேடி, அங்கே ஏதோ ஒரு வரி எழுதி, மூடி வைத்தார்.

மூன்றாம் வரிசையில் தங்கை. வீட்டில் எட்டு நாளாகப் பேச்சில்லை. உப்பு வேண்டுமா என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. கட்டைப் பிரித்து நான்கு தங்க ஓரங்களை உருவி மேசையில் கவிழ்த்து வைத்தாள். பெட்டியில் துழாவி நான்கு சாதாரணச் சீட்டுகளை எடுத்தாள். ஒன்றை வைத்தாள், எடுத்தாள், வேறொன்றை வைத்தாள். ஒருமுறைகூட நிமிர்ந்து மேடைப் பக்கம் பார்க்கவில்லை. பத்து நிமிடம் முடிந்ததும் மணி அடித்தார்கள்.

மேலாளர் சரியக்காவை வேலையை விட்டு அனுப்பவில்லை. புத்தகத்தில் உள்ளபடி ஓராண்டுத் தடை மட்டும். பச்சைப் பேனா கொட்டாவியின் கைக்குப் போனது. சோதனை அறையில் இப்போது மூன்று வகையாக ஆடிப் பார்க்கிறார்கள்: இருவரிடமும் சீட்டு இருந்தால், ஒருவரிடம் மட்டும் இருந்தால், கடையில் வாங்கிய பத்துப் பொட்டலத்தில் கிடைத்ததை மட்டும் வைத்து ஆடினால். மூன்றாவது கட்டோடு பெரும்பாலும் உட்காருபவர் சரியக்கா. நாளெல்லாம் தோற்கிறார். ஏன் தோற்றேன் என்று தன் கையாலேயே எழுதுகிறார்.

ஆனால் அந்தப் போட்டி நாளின் மாலையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. மண்டபத்தை ஐந்து மணி வரைக்கும்தான் எடுத்திருந்தார்கள். ஐந்தரை ஆகியும் கடைசி எட்டுப் பேரில் ஒருவர் ஆட்டம்கூட முடியவில்லை. நான்கு மேசை, நான்கையும் சுற்றித் தோற்றவர்கள் கூட்டம். காலையில் சீறியவன்கூடப் போகவில்லை. ஒரு நாற்காலிமேல் மண்டியிட்டுக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தான். ஜன்னல் பக்கத்து மேசையில் தங்கை. பதினோராம் சுற்று. அவளுக்கு மூன்று உயிர், எதிராளிக்கு இரண்டு. அவள் எதிரில் இருந்த பெண்மணி தன் கையிலிருந்த இரண்டு சீட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரமாகக் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

மண்டபக் காவலாளி துடைப்பமும் சாவிக்கொத்துமாக வந்து, நடுவர் அட்டை போட்டிருந்தவர் என்பதால் சரியக்காவிடம் நின்றார்.

“எப்பம்மா முடியும்? போன தடவை மூணு மணிக்கே காலி பண்ணிட்டீங்களே.”

“தெரியலைங்க.”

“சரி, யாரு ஜெயிக்கற மாதிரி இருக்கு? அதையாவது சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி விளக்கை அணைக்கறேன்.”

சரியக்கா நான்கு மேசையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தங்கையின் மேசையில் கொஞ்சம் கூடுதலாக நின்றார். பதினோரு ஆண்டு இதையே பார்த்த கண்.

“அதுவும் தெரியலைங்க,” என்றார்.

காவலாளி அலுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கித் தங்கையின் மேசையை எட்டிப் பார்த்தார். அந்தப் பெண்மணி கடைசியில் ஒரு சீட்டைத் தேர்ந்து கீழே வைத்தார். தங்கை அதைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பக்கத்திலிருந்த அடுக்கிலிருந்து காவலாளி தனக்கு ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டார்.